படர்தாமரை கண்ட பிள்ளையை வீட்டுக்கு அனுப்புமுன்: விடுதி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாணவர் விடுதிகளை நடத்தும் மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கும் காப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உறைவிடப் பள்ளி ஒன்றின் விடுதியில் 11 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவள் நான். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்த வேகத்தில் போய்விடும். எலும்பு முறிந்தால் மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒழிந்தது என்று நாங்கள் மூச்சுவிட்ட மறுமாதமே அடுத்த அறையில் தலைகாட்டி, அந்த 11 ஆண்டுகளிலும் எங்களை விடாமல் அலைக்கழித்த ஒன்று உண்டென்றால் அது படர்தாமரைதான். உயிருக்கு ஆபத்தில்லாத தோல்நோய் என்பதால் எந்த நிர்வாகக் கூட்டத்திலும் அதற்கென்று ஐந்து நிமிடம் ஒதுக்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை. அந்த ஐந்து நிமிடத்தை உங்களிடம் கேட்பதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

ஒரு பருவத்தின் நடுவில், 12 வயது மாணவி ஒருத்தி தலைவலி என்று என் அறைக்கு வந்தாள். புழுக்கம் மிகுந்த நாள் அது. அவளோ மணிக்கட்டுவரை பொத்தானிட்ட முழுக்கைச் சட்டை அணிந்திருந்தாள். இரத்த அழுத்தம் பார்ப்பதற்காகச் சட்டைக்கையை மேலே சுருட்டியபோது, முழங்கையின் உட்புறத்தில் மூன்று வளையங்கள் ஒன்றோடொன்று கோத்தாற்போல் கிடந்தன. ஓரம் சிவந்து சற்றே தடித்திருந்தது, அதன்மேல் சன்னமான செதில்கள் இருந்தன, நடுப்பகுதி மட்டும் ஏறக்குறைய இயல்பான தோலாகத் தெரிந்தது. நான் வாய் திறக்குமுன் அவளே கேட்டாள்: "என்னை வீட்டுக்கு அனுப்பிடுவீங்களா, சிஸ்டர்?" ஐந்து வாரங்களாக அதை மறைத்து வந்திருக்கிறாள். முந்தைய பருவத்தில் இதே நோய்க்காக வேறொரு மாணவி பெட்டி படுக்கையோடு அனுப்பப்பட்டதை அந்தத் தளம் முழுவதும் நின்று பார்த்திருந்தது. இவள் மறைத்த அந்த ஐந்து வாரங்களில், அவள் அறையிலிருந்த எட்டுப் பேரில் நால்வருக்கு அது தொற்றியிருந்தது.

நோய்க்கு அஞ்சிப் பிள்ளையை வெளியேற்றும் விதியே அந்த நோயை வளர்த்துவிடுகிறது. இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். எதனால் இந்த நோய் வருகிறது, எவ்வழியே பரவுகிறது என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் நான் சொல்வதன் காரணம் உங்களுக்கு விளங்கும்.

பெயரிலேயே பாதிக் குழப்பம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதை 'ரிங்வோர்ம்', அதாவது வளையப்புழு என்கிறார்கள். மருத்துவர்கள் சீட்டில் எழுதும் 'டீனியா' என்ற இலத்தீன் சொல்லும் புழுவைக் குறிப்பதே. தோலுக்கடியில் புழு ஊர்வதாக எண்ணிப் பிள்ளைக்குக் குடற்புழு மாத்திரை வாங்கிக் கொடுத்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். இந்த நோயில் புழு எதுவும் கிடையாது, இது ஒரு பூஞ்சைத் தொற்று. அந்த வகையில் நம்முடைய சொல் எவ்வளவோ மேல். நீர்ப்பரப்பில் தாமரை இலை விரிவதுபோல, ஒரு புள்ளியில் தொடங்கி வெளிநோக்கி வட்டமாகப் படர்வதுதான் இதன் இயல்பு. இடத்துக்கு இடம் இதன் பெயரும் தோற்றமும் மாறுகின்றன என்பதையும் சேர்த்து மனத்தில் கொள்ள வேண்டும். கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண், தொடையிடுக்கில் வரும் அரிப்பு, நகம் தடித்து மஞ்சளித்துப் பொடிந்துபோகும் நகச்சொத்தை ஆகியவற்றில் பெரும்பாலானவை இதே பூஞ்சைக் கூட்டத்தின் வேலைதான். முதுகில் படர்தாமரையோடு வரும் மாணவனின் காலைப் பார்க்காமல் மருந்து கொடுத்து அனுப்பினால், இரண்டு மாதத்தில் அவன் திரும்பி வருவான். சேற்றுப்புண் உள்ள பாதத்தின் வழியே உள்ளாடையை இழுத்து அணியும்போது பூஞ்சை தொடையிடுக்குக்குச் சென்றுவிடும் என்பதால்தான், முதலில் காலுறையை அணிந்துகொள்ளச் சொல்கிறோம்.

ட்ரைக்கோஃபைட்டான், மைக்ரோஸ்போரம், எபிடெர்மோஃபைட்டான் ஆகியவையே இந்தக் கூட்டத்தின் முக்கியமான பேரினங்கள். தோல், முடி, நகம் ஆகிய மூன்றிலும் உள்ள கெராட்டின் என்ற கடினமான புரதமே இவற்றின் உணவு. பொதுவாக இவை உயிருள்ள திசுக்களுக்குள் இறங்குவதில்லை. தோலின் மேற்புறத்தில் உதிரக் காத்திருக்கும் இறந்த அடுக்கிலேயே குடியிருக்கின்றன. உடல் அழற்சியை எழுப்பி அந்த அடுக்கை வழக்கத்தைவிட வேகமாக உதிர்த்துத் தள்ளுகிறது. நடுவிலிருந்த பூஞ்சை செதிலோடு சேர்ந்து உதிர்ந்துபோக, ஓரத்தில் இருப்பது இன்னும் தீண்டப்படாத தோலை நோக்கி நகர்கிறது. அதனால்தான் நடு தெளிந்து ஓரம் சிவந்திருக்கிறது, அதனால்தான் மருந்தையும் வளையத்தின் உள்ளே மட்டும் தடவாமல், ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவ வேண்டியிருக்கிறது. எங்கள் விடுதிக்கு வந்துபோன தோல் மருத்துவர் ஒருமுறை அந்த ஓரத்துச் செதிலைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு, நுண்ணோக்கியில் என்னைப் பார்க்கச் சொன்னார். மங்கிய தோல் செல்களுக்கிடையே, கண்ணாடி நூல்போல் ஒளி ஊடுருவும் இழைகள் கிளைத்துக் கிளைத்து ஓடின. அந்தச் செதிலில் ஒரு துளி அழுக்குகூட இல்லை. சற்றுமுன்தான் குளித்துவிட்டு வந்திருந்தான் அந்தப் பையன்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், "சுத்தமாக இருந்தால் ஏன் வருகிறது?" என்ற கேள்வியை விடுதிகளில் இன்றும் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். தலைத்தோலில் வரும் கடுமையான ஒரு வகைப் படர்தாமரையில் பூஞ்சை இழைகளை ராபர்ட் ரெமாக் 1837இல் கண்டார். அது பூஞ்சையால் வரும் நோய் என்று யோஹான் லூக்காஸ் ஷோன்லைன் 1839இல் எழுதினார். அடுத்த சில ஆண்டுகளில் டேவிட் குருபி தம் சொந்த ஆய்வுகளால் அதை உறுதிப்படுத்தினார். மனிதருக்கு வரும் ஒரு நோயை நுண்ணுயிர் உண்டாக்குகிறது என்று முதன்முதலாகக் காட்டப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் தெளிவான ஒரு செய்திக்காகப் பிள்ளைகள் இன்னும் தலைகுனிந்து நிற்கிறார்கள். உண்மையில் இந்தப் பூஞ்சைக்குப் பிடித்தது ஈரமும் வெப்பமும்தான். ஒரு நாளைக்கு இரண்டு முறை குளித்து, சரியாகத் துவட்டாமல், இறுக்கமான உடையை மாட்டிக்கொண்டு ஓடும் பிள்ளைக்கு அது எளிதில் வரும். உராய்விலும் சிராய்ப்பிலும் தோலில் விழும் சிறு கீறல் அதற்கு வாசலாக அமைகிறது.

இனி, பரவும் வழிகள். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவுபவை, விலங்குகளிடமிருந்து வருபவை, மண்ணிலிருந்து வருபவை என இப்பூஞ்சைகள் மூன்று வகைப்படும். மண் வகை அரிது. விலங்கு வகையில் நீங்கள் அறிந்திருக்க வேண்டியது பூனை, நாய்களிடமிருந்து வரும் மைக்ரோஸ்போரம் கேனிஸ். விடுதிக்குள் பிள்ளைகள் ஒளித்து வளர்க்கும் பூனைக்குட்டிக்கு உடலில் ஒரு புண்கூடத் தெரியாமலிருக்கலாம், ஆனாலும் அதன் முடியில் பூஞ்சை இருக்கலாம். கால்நடைகளிடமிருந்தும் முயல், எலி முதலியவற்றிடமிருந்தும் வருவன உண்டு. விலங்கிடமிருந்து வந்தவை மனிதரிடம் சீழும் வீக்கமுமாகக் கடுமையாகக் கிளம்புவது வழக்கமாதலால், அவற்றை யாரும் கவனிக்காமல் விடுவதில்லை. விடுதியில் ஆண்டுக்கணக்கில் ஓசையில்லாமல் சுற்றிவருவது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவும் வகைதான்.

தோலும் தோலும் உரசுவது நேர்வழி. அதைவிட என்னைக் கவலைக்குள்ளாக்கியது பொருள்களின் வழியே நடக்கும் பரவல். பூஞ்சையின் இழைகள் துண்டு துண்டாக முறிந்து வித்துகளாகின்றன. அந்த வித்துகள் உதிர்ந்த செதிலோடும் முறிந்த முடியோடும் துண்டில், தலையணை உறையில், சீப்பில், தொப்பியில், உடற்பயிற்சி விரிப்பில், குளியலறைத் தரையில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஈரமில்லாத நிழலில் சில இனங்கள் ஓராண்டுக்கு மேலும் தாங்கும். தொற்றிய நாளிலிருந்து தோலில் வளையம் தெரிய 4 முதல் 14 நாள்வரை ஆகலாம். ஆகவே உங்கள் கண்ணில் முதல் வளையம் படும்போது, அந்தப் பிள்ளையின் துண்டு பட்ட இடங்களுக்கெல்லாம் பூஞ்சை முன்னரே சென்று சேர்ந்திருக்கும். அந்த ஒருத்தியை மட்டும் வீட்டுக்கு அனுப்புவதால் எதுவும் நின்றுவிடுவதில்லை. சிகிச்சை முடிந்து அவள் திரும்பி வந்ததும், அதே படுக்கையிலிருந்து அவளுக்கே மறுபடியும் தொற்றுகிறது.

எங்கள் தளத்தின் துணிக்கொடியை ஒருநாள் மாலை நின்று பார்த்தேன். 24 பிள்ளைகளுக்கு மூன்று கொடிகள். ஒரு துண்டின்மேல் இன்னொன்றாக, மடிப்பு மடிப்பாக, காலையில் துவட்டிய ஈரம் மாலைவரை காயாமல் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்தால் மற்றொன்று விழும், விழுந்ததை யார் கையில் கிடைத்ததோ அவர் எடுத்துக்கொள்வார். எல்லாத் துண்டுகளும் மொத்தமாக வாங்கப்பட்டவை, ஒரே நிறம். தன் துண்டு எது என்று எந்தப் பிள்ளையாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்றைக்குத்தான் எனக்குத் தெளிந்தது, நான் மாதக்கணக்கில் பிள்ளைகளின் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, கொடியைப் பார்க்கவேயில்லை. நிர்வாகத்திடம் மன்றாடி இரண்டு கொடிகள் கூடுதலாகக் கட்டவைத்து, ஒவ்வொரு துண்டின் மூலையிலும் வண்ண நூலால் எண் தைத்தோம். எங்களிடம் இருந்த மருந்து எதையும்விட அந்த வண்ண நூல் அதிகம் செய்தது என்றே இன்றும் நம்புகிறேன்.

சலவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 30, 40 டிகிரி வெப்பத்தில் ஓடும் சலவை இந்தப் பூஞ்சையை நம்பத்தக்கவாறு கொல்வதில்லை. மாறாக, தொற்றுள்ள காலுறையிலிருந்து அதே சுற்றில் கிடக்கும் நல்ல துணிக்கும் அதைப் பரப்பிவிடக்கூடும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 60 டிகிரியில் துவைத்தால் அது அழிகிறது. உங்கள் சலவைக்கூடத்தில் உள்ள இயந்திரத்தின் திருகு எந்த எண்ணில் நிற்கிறது என்பதை, தயவுசெய்து, ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

தலையில் வரும் படர்தாமரைக்குத் தனிக் கவனம் வேண்டும். இது பெரும்பாலும் பருவம் எய்தாத பிள்ளைகளுக்கு வருவது. வளர்ந்தபின் தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசையிலுள்ள கொழுப்பமிலங்கள் பூஞ்சையைத் தடுக்கின்றன என்பதால் பெரியவர்களிடம் இதைக் காண்பது அரிது. இதைப் பொடுகு என்றும் புழுவெட்டு என்றும் தவறாக எடுத்துக்கொள்வது வழக்கம். புழுவெட்டில் முடி உதிர்ந்த இடம் வழவழவென்று இருக்கும். அது உடலின் எதிர்ப்பாற்றல் தன் முடிவேர்களையே தாக்குவதால் வருவது, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. படர்தாமரையில் செதில் இருக்கும், முடி அடியோடு முறிந்து கரும்புள்ளிகளாக நிற்கும், சில சமயம் கழுத்தில் நெறிகட்டும். இந்த வேறுபாடு தெரியாமல் ஒரே முடிவெட்டும் இயந்திரத்தை வரிசையில் நிற்கும் 40 தலைகளுக்கும் ஓட்டினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. மேலும், அறிகுறி எதுவும் இல்லாமலே தலையில் பூஞ்சையைச் சுமந்து திரியும் பிள்ளைகளும் உண்டு. ஒரு தலையில் கண்டால் அந்த அறையிலுள்ள எல்லாத் தலைகளையும் பார்க்க வேண்டும் என்பது அதனால்தான். முடியின் வேர்வரை பூஞ்சை இறங்கிவிடுவதால் களிம்பு மட்டும் இதற்குப் போதாது. கிரிசியோஃபுல்வின், டெர்பினஃபின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சொல்லும் காலம்வரை, பொதுவாகப் பல வாரங்கள், உட்கொண்டாக வேண்டும். கீட்டோகொனசோல் அல்லது செலினியம் சல்ஃபைடு கலந்த ஷாம்பு நோயைத் தீர்க்காவிட்டாலும் வித்துகள் உதிர்வதைக் குறைக்கும்.

இங்கே ஒரு பழைய வேதனையை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கிரிசியோஃபுல்வின் 1950களின் இறுதியில் பயன்பாட்டுக்கு வருமுன், 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பல நாடுகளில் தலையில் படர்தாமரை கண்ட பிள்ளைகளுக்கு எக்ஸ் கதிர் பாய்ச்சி முடியை உதிரச் செய்தார்கள். பள்ளிகளிலும் முகாம்களிலும் அப்படி வரிசையாக நிறுத்தப்பட்ட பிள்ளைகள் ஏராளம். அவர்களுள் பலருக்குப் பல ஆண்டுகள் கழித்து மூளை உறைக் கட்டியும் தைராய்டுப் புற்றுநோயும் வரும் ஆபத்து கூடியிருந்தது பின்னர் தெரியவந்தது. தானாகவே ஆறிவிடவும் கூடிய ஒரு தோல்நோய்க்கு, கூட்டமாக வாழும் பிள்ளைகளைக் கண்டு பெரியவர்கள் கொண்ட பதற்றம் அவ்வளவு தூரம் சென்றது.

நம் காலத்தின் பதற்றம் வேறு வடிவில் வருகிறது. அதில் என் பங்கும் உண்டு. சீக்கிரம் மறைய வேண்டும் என்ற அவசரத்தில், பூஞ்சை மருந்தோடு வலுவான ஸ்டீராய்டும் கலந்த களிம்பை ஒரு மாணவனுக்குத் தொடர்ந்து தடவ நான் அனுமதித்தேன். இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது, சிவப்பு மறைந்தது, அலுவலகத்தில் எல்லாருக்கும் நிம்மதி. ஆறு வாரத்தில் அவன் தொடையின் உட்புறம் முழுவதும் எல்லையே தெரியாத மங்கிய படலமாக அது பரவியிருந்தது, தோல் மெலிந்து கோடு கோடாக வரி விழுந்திருந்தது. ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்வதில்லை. உடலின் எதிர்ப்பை அடக்கிப் பூஞ்சைக்கு வழிவிடுகிறது, வளையம் என்ற அடையாளத்தையும் அழித்துவிடுகிறது. இப்படி முகம் மாறிய படர்தாமரைக்கு 'டீனியா இன்காக்னிடோ' என்று 1968இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வரிகள் அவன் தோலிலிருந்து போகவில்லை. உங்கள் முதலுதவிப் பெட்டியில் அத்தகைய கலவைக் களிம்பு இருந்தால் எடுத்துவிடுங்கள்.

மருந்தைப் பாதியில் விடுவதும் இதைப் போன்றதே. பார்வைக்கு மறைந்த பிறகும் ஓரிரு வாரம் தடவினால்தான் எஞ்சிய பூஞ்சை போகும். 2020இல் தனி இனமாகப் பெயரிடப்பட்ட ட்ரைக்கோஃபைட்டான் இன்டோடினியே பல நாடுகளில் காணப்படுகிறது. அதன் பல வகைகள் டெர்பினஃபினுக்குக் கட்டுப்படுவதில்லை. சொன்னபடி மருந்து போட்டும் இரண்டு, மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் மருந்தை மாற்றி மாற்றி நீங்களே முயலாமல் தோல் மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.

உங்களிடம் நான் வேண்டுவது இவைதான். சிகிச்சை தொடங்கிய பிள்ளையை விடுதியிலும் வகுப்பிலும் இருக்க விடுங்கள். சிகிச்சை தொடங்கியபின் பள்ளிக்கு வரலாம் என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமியின் வழிகாட்டுதலும் சொல்கிறது. உடலோடு உடல் உரசும் மல்யுத்தத்தில்கூட, அமெரிக்க உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளில், தோலில் வந்ததற்கு 72 மணி நேரமும் தலையில் வந்ததற்கு 14 நாளும் சிகிச்சை எடுத்துக்கொண்டால் களமிறங்க அனுமதி உண்டு. மல்யுத்த வீரனுக்கு மூன்று நாள் போதுமென்றால், மேசையில் அமர்ந்து கணக்குப் போடும் பிள்ளையை ஒரு பருவம் முழுவதும் வீட்டில் அமர்த்துவதற்கு நியாயம் ஏது? விளையாட்டு விரிப்பிலும் நீச்சலிலும் மட்டும் சில நாள் விலக்கி வைத்தால் போதும். தோலைப் பார்க்க வேண்டுமானால் ஒவ்வொருவராக, கதவை மூடி, செவிலியரோ மருத்துவரோ பாருங்கள். காலை வணக்கக் கூட்டத்தில் சட்டையைக் கழற்றச் சொல்லும் வழக்கத்தை நிறுத்துங்கள். ஒருவருக்குக் கண்டால் அந்த அறையினர் எல்லாரையும் அதே வாரத்தில் பார்த்து, தேவைப்படுவோருக்கு ஒரே சமயத்தில் சிகிச்சை தொடங்கி, துண்டு, போர்வை, உறை எல்லாவற்றையும் ஒரே நாளில் வெந்நீர்ச் சலவைக்குப் போடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சீப்பும், அடையாளமிட்ட இரண்டு துண்டுகளும், அவை விரித்துக் காய இடமும் இருக்கட்டும். முடிவெட்டும் கருவியை ஒவ்வொரு தலைக்குப் பின்னும் சுத்திகரிக்கச் சொல்லுங்கள்.

இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதில்லை. கடினமானது, வீட்டுக்கு அனுப்ப மாட்டோம் என்று பிள்ளைகளை நம்பவைப்பதுதான். எங்கள் விடுதியில் வீட்டுக்கு அனுப்பும் விதியை நீக்கிய பிறகும், முதல் சில மாதங்கள் யாரும் என் அறைக்கு வரவில்லை. பிறகு ஒருநாள், முன்பு மூன்று வளையங்களை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துத் திரிந்த அதே மாணவி, புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அச்சிறுமியின் கழுத்தோரத்தில் நகத்தளவு சிவப்பு, வளையமாகக்கூட ஆகவில்லை. நேற்றுதான் பார்த்தார்களாம்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற விடுதிச் செவிலியர்